முதலில் காற்றை அளக்கணும்: ரோம்ரைடரின் மாஃப் டேப் எப்படி?

டர்போ காரில் கம்பெனி ஏர்பாக்ஸைக் கழற்றிவிட்டு அகலமான இன்டேக் குழாய் மாட்டினால், அன்றிலிருந்தே மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் (சுருக்கமாக மாஃப்) தப்புக் கணக்குச் சொல்லத் தொடங்கிவிடும். சென்சாரில் கோளாறு எதுவும் இருக்காது. குழாய்க்குள் நீட்டிக்கொண்டிருக்கும் சூடான கம்பியைக் காற்று எவ்வளவு குளிரவைக்கிறது என்பதை மட்டுமே அது அறியும். கம்பியின் சூடு இறங்காமல் வைத்திருக்க எவ்வளவு கரன்ட் தேவைப்பட்டதோ, அது வோல்ட்டாக என்ஜினின் கணினியான ஈசியூவுக்குப் போகிறது. இத்தனை வோல்ட் என்றால் வினாடிக்கு இத்தனை கிராம் காற்று என்று ஈசியூவுக்குள் ஓர் அட்டவணை இருக்கிறது. அது பழைய குழாயின் அகலத்துக்கு எழுதப்பட்டது. 70 மி.மீ. குழாயை 77 மி.மீ. ஆக்கினால் உட்பரப்பு 21 சதவீதம் கூடுகிறது. அதே அளவு காற்று கம்பியை மெதுவாகக் கடக்கிறது, வோல்ட் இறங்குகிறது. உள்ளே போகும் காற்றில் சுமார் 83 சதவீதம்தான் கணக்கில் வருகிறது.

இந்தக் கணக்கைத் திருத்தித் தருவதாகச் சொல்லும் ஒரு மென்பொருள் வசதியை, 2007-ம் ஆண்டு சுபாரு இம்ப்ரெஸா டபிள்யூஆர்எக்ஸ் எஸ்டிஐ ஒன்றில் வைத்துப் பார்த்தேன். ஈஜே257 என்ஜின், 2.5 லிட்டர், நான்கு சிலிண்டர் பாக்ஸர், அகல இன்டேக். மென்பொருள் ரோம்ரைடர், காசு கொடுக்க வேண்டியதில்லை, மூலநிரலும் எல்லோருக்கும் திறந்தே இருக்கிறது. கூடவே டாக்ட்ரிக்ஸ் ஓப்பன்போர்ட் 2.0 கேபிள், ஈசியூவுக்குள் எழுத ஈசியூஃப்ளாஷ், புகைக்குழாயில் போஷ் எல்எஸ்யூ 4.9 சென்சாருடன் ஏஇஎம் வைட்பேண்ட் மீட்டர். இந்தக் காரில் ஃபைலை எழுத வேண்டுமென்றால் டேஷ்போர்டுக்குக் கீழே தொங்கும் இரண்டு பச்சை கனெக்டர்களை ஒன்றோடொன்று செருக வேண்டும். வேலை முடிந்ததும் பிரித்துவிடுங்கள். செருகியபடியே லாக் எடுத்தால் கார் டெஸ்ட் மோடில் இருக்கும், ரேடியேட்டர் ஃபேன் விட்டுவிட்டு ஓடும்.

மென்பொருளுக்குள் போகும் முன் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். இன்டேக் மாற்றியதும் கலவை லீனாகிறது, அதாவது பெட்ரோல் குறைகிறது என்று கண்டால், பலர் முதலில் கை வைப்பது இன்ஜெக்டர் எண்ணில். இன்ஜெக்டர் சின்னது என்று ஈசியூவிடம் சொன்னால் அது அதிக நேரம் பெட்ரோல் தெளிக்கும், வைட்பேண்டில் எண் அழகாக வந்துவிடும். தராசு எடை குறைத்துக் காட்டும்போது தராசை விட்டுவிட்டு சரக்கைத் திருத்துவது போன்ற வேலை இது. பெட்ரோல் மட்டும்தான் காற்றின் கணக்கை நம்பி இருக்கிறது என்றால் பரவாயில்லை. இக்னிஷன் டைமிங்கும் அதையே நம்பி இருக்கிறது.

சுபாரு ஈசியூ லோடைக் கணக்கிடும் விதம் எளிது: வினாடிக்கு எத்தனை கிராமோ அதை 60-ஆல் பெருக்கி ஆர்பிஎம்மால் வகுக்கும். 6000 ஆர்பிஎம்மில் 200 கிராம் போனால் ஒரு சுற்றுக்கு 2.0 கிராம். மாஃப் அதை 180 என்று சொன்னால் 1.8. டைமிங் மேப்பில் லோடு குறையக் குறைய அட்வான்ஸ் கூடும். ஆக, உண்மையில் 2.0 லோடில் உழைக்கும் என்ஜினுக்கு 1.8-க்கு உரிய அட்வான்ஸ் கிடைக்கிறது. பூஸ்ட் உச்சத்தில் இருக்கும் நேரத்தில் தேவைக்கு மேல் அட்வான்ஸ், அங்கிருந்து நாக், அதாவது சிலிண்டருக்குள் கட்டுப்பாடற்ற வெடிப்பு. பிஸ்டனின் ரிங் லேண்ட் உடைவது இந்த என்ஜினின் பெயர்போன பலவீனம். வைட்பேண்டில் நல்ல எண்ணைப் பார்த்துத் திருப்திப்பட்டவரின் என்ஜின்கூட இப்படிப் போகலாம். அதனால்தான் இந்த ஒரு விஷயத்தில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

லேப்டாப்பைத் திறக்கும் முன் இன்டேக்கில் புகைவிட்டுக் கசிவு பாருங்கள். மாஃபுக்குப் பின்னால் காற்று திருட்டுத்தனமாக நுழைந்தாலோ வெளியேறினாலோ, நீங்கள் சரிசெய்யப்போவது கசிவின் கணக்கைத்தான். வெளியே ஊதும் ப்ளோ-ஆஃப் வால்வும் இதே தொல்லைதான். அளந்து முடித்த காற்றை அது வெளியே விட்டுவிடும், கியர் மாற்றும்போதெல்லாம் கலவை ரிச்சாகும், அதாவது பெட்ரோல் கூடும்.

இனி, முதலில் சொன்ன வசதியான மாஃப் டேப். லாகரைத் திறந்து இப்போதைய அட்டவணையை எடிட்டரிலிருந்து ஏற்றிவிட்டு, பதிவு பட்டனை அழுத்தி ஓட்ட வேண்டியதுதான். ஓட ஓட, கீழே வோல்ட், மேலே பிழை சதவீதம் என்று திரையில் புள்ளிகள் விழுகின்றன. இதன் உயிர் இடதுபக்கம் இருக்கும் ஃபில்டர்களில் இருக்கிறது. க்ளோஸ்ட் லூப்பா (ஆக்ஸிஜன் சென்சாரைப் பார்த்து ஈசியூ கலவையைத் திருத்தும் நிலையா), கூலன்ட் சூடேறிவிட்டதா, இன்டேக் காற்றின் வெப்பம் எவ்வளவு, வோல்ட் எவ்வளவு வேகமாக மாறுகிறது என்று ஒவ்வொன்றுக்கும் வரம்பு வைக்கலாம். கடைசியாகச் சொன்ன வோல்ட் மாறும் வேகத்தைத்தான் நான் மிகவும் இறுக்கி வைத்தேன். காற்று மாஃபைக் கடப்பதற்கும், எரிந்து புகையாகி ஆக்ஸிஜன் சென்சாரைத் தொடுவதற்கும் இடையே நேரம் பிடிக்கிறது. ஆக்ஸிலரேட்டரை ஏற்றி இறக்கிக்கொண்டே இருந்தால், இந்தக் கணத்தின் வோல்ட்டுக்கு முந்தைய கணத்தின் புகை ஜோடி சேர்ந்துவிடும். ஃபில்டரைத் தளர்த்தி ஒரு முறை, இறுக்கி ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். முதலில் மேகம்போலச் சிதறிய புள்ளிகள் இரண்டாவதில் ஒல்லியான கோடாகச் சேர்வது கண்ணுக்கே தெரியும்.

லாகரில் தேவையில்லாத எண்களையெல்லாம் டிக் செய்யாதீர்கள். இந்தக் காரின் ஈசியூ பேசுவது 4800 பாட் வேகத்தில். கேட்கும் எண்கள் கூடக் கூட, ஒவ்வொரு எண்ணும் தாமதமாக வரும். ஓட்டுபவர் திரையைப் பார்க்கக் கூடாது, லேப்டாப் பக்கத்து இருக்கைக்காரர் மடியில் இருக்கட்டும். டைனோவோ மூடிய தடமோ கிடைத்தால் இன்னும் நல்லது.

கணக்கு இவ்வளவுதான். 2.5 வோல்ட்டில் அட்டவணை 36 கிராம் என்கிறது. அந்த இடத்தில் உடனடித் திருத்தமும் ஈசியூ கற்று வைத்திருக்கும் திருத்தமும் சேர்ந்து கூட்டல் 8 சதவீதம் என்றால், 36-ஐ 1.08-ஆல் பெருக்கி 38.9 என்று எழுத வேண்டும். ரோம்ரைடர் இதை எல்லாப் புள்ளிகளுக்கும் சேர்த்துச் செய்து, நடுவே ஒரு பாலினோமியல் வளைவு வரைந்து, ஒரே பட்டனில் அட்டவணையைப் புதுப்பிக்கிறது. ஐடிலுக்குச் சற்று மேலிருந்து சீரான ஓட்டம் வரைக்கும் இது அருமையாக வேலை செய்கிறது. கையால் எக்ஸெல்லில் நாள் முழுக்கச் செய்யும் வேலை சீக்கிரமே முடிந்துவிடுகிறது.

குறை அந்த வளைவில்தான் இருக்கிறது. இந்தக் காரில் 2 வோல்ட்டை ஒட்டிப் புள்ளிகள் ஒரே கோடாகச் சேரவில்லை, ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு பட்டைகளாகப் பிரிந்து நின்றன. ஒரே வோல்ட், ஆனால் தாழ்ந்த ஆர்பிஎம்மில் ஒரு பிழை, உயர்ந்த ஆர்பிஎம்மில் வேறு பிழை. சென்சாருக்கு முன்னால் குழாய் வளைவதாலும், காற்று துடித்துத் துடித்து வருவதாலும் இது நேர்கிறது. வோல்ட்டை மட்டும் பார்க்கும் ஓர் அட்டவணையால் இதைத் தீர்க்கவே முடியாது. வளைவோ இரண்டு பட்டைகளுக்கும் நடுவில் நிம்மதியாகப் போய்விடுகிறது, பிரச்சினை இருப்பதே தெரியாமல் போகிறது. சென்சாருக்கு முன் தேன்கூட்டு வடிவச் சல்லடை வைத்துக் காற்றை நேராக்கிய பிறகுதான் பட்டைகள் நெருங்கி வந்தன. ஆகவே பட்டனை அழுத்தும் முன் புள்ளிகளைப் பாருங்கள்.

இன்னொன்று, புள்ளிகளே இல்லாத இடத்தில் அந்த வளைவு தன் போக்கில் மேலேயோ கீழேயோ ஓடிவிடும். பாலினோமியலின் படியைக் கூட்டினால் ஓரங்களில் ஆட்டம் இன்னும் மோசம். க்ளோஸ்ட் லூப்பில் எடுத்த லாகை வைத்து 4 வோல்ட்டுக்கு மேல் உள்ள எண்களைப் புதுப்பிக்கவே கூடாது. அங்கே நான் செய்தது, குழாய்களின் பரப்பு விகிதத்தால் மொத்தமாகப் பெருக்கிவிட்டு, பிறகு டைனோவில் வைட்பேண்டை வைத்துத் திருத்துவது. ஈசியூ காற்று-பெட்ரோல் விகிதம் 11.2 கேட்டது, மீட்டர் 11.8 காட்டியது என்றால் விகிதம் 1.054.

இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். சுபாரு ஈசியூ, கற்ற திருத்தத்தைக் காற்றோட்டத்தின்படி நான்கு பகுதிகளாக வைத்திருக்கிறது. எல்லைகள் வினாடிக்கு 5.6, 10, 40 கிராம். 40-க்கு மேல் உள்ள கடைசிப் பகுதியின் திருத்தம், ஆக்ஸிஜன் சென்சாரைப் பார்த்துத் திருத்தாத ஓப்பன் லூப்பிலும், முழு த்ராட்டிலிலும் தொடர்கிறது. அதில் கூட்டல் 5 சதவீதம் உட்கார்ந்திருந்தால், மீட்டரில் 11.2 சரியாக வந்தாலும் மாஃப் இன்னும் 5 சதவீதம் குறைவாகத்தான் சொல்கிறது. புதிதாக ஃப்ளாஷ் செய்ததும் அந்தத் திருத்தம் அழிந்துவிடும். மறுநாள் முழு த்ராட்டிலில் கார் லீனாக ஓடும், காரணம் புரியாது. ஓப்பன் லூப் கணக்கில் இந்தத் திருத்தத்தைச் சேர்த்துக்கொள்ளும் வசதி மாஃப் டேப்பிலேயே இருந்தால் நன்றாக இருக்கும். இப்போதைக்குத் தனியாகத்தான் பெருக்க வேண்டியிருக்கிறது.

பக்கத்திலேயே இன்ஜெக்டர் டேப்பும் இருக்கிறது. இன்ஜெக்டர் மாற்றாதவர்கள் அதைத் தொடத் தேவையில்லை. மாற்றியிருந்தால், தயாரிப்பாளர் தரும் அளவையும் லேட்டன்ஸியையும் (திறக்கப் பிடிக்கும் தாமதம்) முதலில் போட்டுவிட்டு மாஃபுக்கு வாருங்கள். பிழை எல்லா வோல்ட்டிலும் ஒரே சதவீதமாக இருந்தால் சந்தேகம் இன்ஜெக்டர் அளவின் மீது, ஐடிலில் மட்டும் பெரிதாக இருந்தால் லேட்டன்ஸி மீது, வோல்ட்டுக்கு வோல்ட் மாறினால் மாஃப் மீது.

சொந்தமாகக் கற்றுக்கொள்ள நினைப்பவருக்கு ரோம்ரைடரைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். காசு வாங்கும் கருவிகள் பல மூடி வைக்கும் எண்களை இது வெளிப்படையாகக் காட்டுகிறது. கேபிளில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். ஓப்பன்போர்ட்டுக்குப் போலிகள் ஏராளம், எழுதும் நடுவில் தொடர்பு அறுந்தால் ஈசியூவே படுத்துவிடும். அட்டவணையைத் திருத்தி முடித்ததும், கற்ற திருத்தங்கள் நான்கு பகுதியிலும் கூட்டல் கழித்தல் 3 சதவீதத்துக்குள் நிற்கும்வரை ஓட்டுங்கள். அதன் பிறகு டைமிங் மேப்பைத் திறங்கள். லோடு இப்போது உண்மையைச் சொல்வதால், என்ஜின் முன்பைவிட வலதுபக்கக் கட்டங்களில் ஓடும், அவற்றில் சில இதுவரை யாரும் சோதித்துப் பார்க்காதவை. நாக் கண்டால் ஈசியூ டைமிங்கைக் குறைக்கும் திருத்தங்களான ஃபீட்பேக் நாக் கரெக்ஷனும் ஃபைன் லேர்னிங்கும் அங்கே பூஜ்ஜியத்தில் நிற்கின்றனவா, ஐஏஎம் எனும் அட்வான்ஸ் பெருக்கி 1-ஐ விட்டு இறங்காமல் இருக்கிறதா என்று பார்த்த பிறகே பூஸ்ட்டை ஏற்றுங்கள்.