ஐந்து நட்டு காலத்துப் பட்டறைகள்

பழைய ஸ்டாக் கார் பட்டறைகளின் பாணிகளைப் பற்றி ஒரு கட்டுரை வேண்டும் என்று மலர்க் குழு கேட்டபோது, மூத்தவர்கள் இத்தனை பேர் இருக்க நான் எழுதலாமா என்று தயங்கினேன். தலைவர் ஐயா விடவில்லை. இந்தப் பந்தய அமைப்பு உருவான ஸ்ட்ரீம்லைன் ஓட்டல் கூட்டத்தையும், 1949இல் முதலில் வந்தும் பின்பக்க ஸ்பிரிங்கால் வெற்றியை இழந்த க்ளென் டன்அவேயையும் நம் உறுப்பினர்களுக்கு நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. நேரே பட்டறைகளுக்குள் நுழைகிறேன்.

சங்கத்தில் பாதிப் பேர் பெட்டி குடும்பத்தின் ஊரான லெவல் கிராஸின் பக்தர்கள். அவர்களோடு எனக்குச் சண்டை கிடையாது. தந்தை லீ போட்ட அடித்தளம், மாரிஸ் கட்டிய எஞ்சின், டேல் இன்மனின் கணக்கு, ஸ்டியரிங்கில் ரிச்சர்ட் பெட்டி. 1967இல் அந்த வீட்டார் 27 பந்தயங்களை வென்றார்கள், அதில் பத்து தொடர்ச்சியாக. வேகத்தைவிட, கடைசிச் சுற்றுவரை கார் உடையாமல் நிற்பதைத்தான் அந்தப் பாணியின் சிறப்பென்று நான் நினைக்கிறேன்.

ஷார்லட்டின் ஹோல்மன்-மூடி வேறு ரகம். குடும்பக் கொட்டகையாக இல்லாமல் ஒரு தொழிற்சாலையின் ஒழுங்கோடு நடந்தது. ஃபோர்டின் பணமும் ரால்ஃப் மூடியின் கைப்பக்குவமும் சேர்ந்து, தென்மாநிலங்கள் முழுவதும் பந்தயக்காரர்கள் வாங்கிப் பூட்டிய பாகங்களைச் செய்து தந்தன. ஸ்பார்டன்பர்க்கில் பட் மூரும் காட்டன் ஓவன்ஸும். அந்த ஊர் மண்ணில்தான் ஓட்டுநர் டேவிட் பியர்சன் விளைந்தார். இங்கிள் ஹாலோவில் ஜூனியர் ஜான்சன். 1960 டேடோனா 500இல் முன்னால் போகும் காரின் காற்று நிழலில் ஒட்டிக்கொண்டு, தன் காரைவிட வேகமான கார்களை வென்றவர். பின்பு பட்டறை முதலாளியாகி, கேல் யார்பரோவுக்கு 1976, 77, 78 என மூன்று ஆண்டுப் பட்டங்களை வரிசையாகத் தேடித் தந்தார். டேடோனாவின் ஸ்மோக்கி யூனிக்கைப் பற்றிச் சொல்ல ஒரு மலர் போதாது. டேங்கின் கொள்ளளவுக்கு விதி உண்டு, பெட்ரோல் குழாய்க்கு இல்லை என்று பார்த்து, பருத்த குழாயிலேயே பல காலன் எரிபொருளைச் சேர்த்தார் என்பார்கள். விதிப்புத்தகத்தை அவரளவுக்கு ஊன்றிப் படித்தவர் இல்லை. ஹியூடவுனின் ஆலிசன் சகோதரர்களையும் டாசன்வில்லின் எலியட் குடும்பத்தையும் இதே மலரில் வேறு அன்பர்கள் எழுதுவதாக அறிகிறேன்.

நான் ஸ்டூவர்ட் பாணியைச் சேர்ந்தவன். வர்ஜீனியா மலையடிவாரத்து ஸ்டூவர்ட்டில்தான் உட் சகோதரர்களின் பட்டறை இருந்தது. க்ளென் உட் தாமே ஓட்டி வென்ற நான்கு பெரும்பந்தயங்களும் பௌமன் கிரே அரங்கின் கால் மைல் தடத்தில் வென்றவை. ஆனால் அந்த வீட்டின் பெயர் நிலைத்தது, பந்தயத்தின் நடுவே டயர் மாற்றக் கார் நிற்கும் பிட்டில்தான். மற்றவர்கள் கார் நின்ற பிறகு ஸ்பானரைத் தேடிக்கொண்டிருந்த காலத்தில், யார் எந்தப் பக்கம் ஓடுவது, ஜாக்கியை எத்தனை அழுத்தில் ஏற்றுவது என்று லெனர்டு உட் உட்கார்ந்து யோசித்தார். முக்கால் நிமிட வேலை அரை நிமிடத்துக்குள் வந்தது. 1965இல் ஜிம் கிளார்க்கின் லோட்டஸுக்காக ஃபோர்டு நிறுவனம் இவர்களை இண்டியானாபோலிஸுக்கு அழைத்துப் போனது. இரண்டே நிறுத்தங்களில் கிளார்க் வென்றார். 1973இல் இவர்கள் பியர்சனோடு 18 பந்தயங்களில் இறங்கி 11ஐ வென்றார்கள். 1976 டேடோனாவில் கடைசித் திருப்பத்தில் பெட்டியின் காரும் பியர்சனின் காரும் மோதிச் சுழன்றபோது, கிளட்சை மிதித்து எஞ்சினை அணையவிடாமல் காத்து, நசுங்கிய மெர்க்குரியை ஊர்ந்தபடியே கோட்டைத் தாண்ட வைத்தார் பியர்சன். பெட்டி அன்பர்கள் மன்னிக்கவும், என் கண்ணில் அதற்கு இணையான வெற்றி இல்லை.

என் ஆசான் அந்தப் பட்டறையில் வேலை பார்த்தவரல்லர், பார்த்துக் கற்றவர். மார்ட்டின்ஸ்வில் பக்கத்துச் சிறு தடங்களில் வாராவாரம் டயர் மாற்றியவர். பந்தயம் முடிந்ததும் வலது முன் டயரை மடியில் சாய்த்து, ஒட்டியிருக்கும் ரப்பர்ச் சக்கையைக் கத்தியால் சுரண்டுவார். உள்விளிம்பு, நடு, வெளிவிளிம்பு என்று தேய்மானம் காட்டும் சிறுகுழிகளின் ஆழத்தை அளப்பார். வெளிவிளிம்பு தேய்ந்திருந்தால், “கார் டைட்டாக இருந்திருக்கிறது, திருப்பத்தில் முரண்டு பிடித்திருக்கும்” என்பார். சற்று நேரத்தில் ஓட்டுநர் வந்து அதையே சொல்வார். எங்களுக்கு அவர் முதலில் கற்றுத்தந்தது பசை வைக்க. சக்கரத்தின் ஐந்து துளைகளிலும் நட்டுகளை முன்கூட்டியே ஒட்டிவைக்க வேண்டும். பசை கூடினால் மரையில் இழுபடும், குறைந்தால் சக்கரத்தைத் தூக்கும்போதே நட்டு உதிரும். பிறகு ஏர் கன். ஐந்து நட்டும் ஒரே சுருதியில் இறங்க வேண்டும். ஒன்று முக்கினால், கோணலாகக் கடித்துவிட்டது என்று தலையைத் திருப்பாமலே சொல்லிவிடுவார்.

இந்தக் கைவேலை இன்று மறைவதைப் பார்க்கத்தான் மனம் பொறுக்கவில்லை. இன்றைய பிட் குழுவினரைக் குறைசொல்வது என் நோக்கமன்று. அவர்கள் உடல்வலுவும் உழைப்பும் உள்ளவர்கள், பலர் கல்லூரியில் அமெரிக்கக் கால்பந்து ஆடி வந்தவர்கள். ஆனால் தாம் பூட்டிக் கழற்றாத காரை அவர்கள் பத்து விநாடி தொட்டுவிட்டு விலகுகிறார்கள். 2015இல் ஐந்து நட்டும் இறுகியதா என்று அதிகாரிகள் பார்ப்பதையே விட்டார்கள். சில குழுக்கள் குறைத்துப் பூட்டின. ஓட்டுநர்களே குரல் கொடுத்த பின் 2016இல் விதி திரும்பியது. 2018இல் பிட் சுவரைத் தாண்டி வேலைசெய்யும் ஆட்கள் ஆறிலிருந்து ஐந்தானார்கள்; ஏர் கன்னும் எல்லோருக்கும் ஒரே இடத்திலிருந்து வந்தது. 2022இல் ஐந்து நட்டு போய் நடுவில் ஒரே நட்டு. அந்த ஆண்டு எத்தனை சக்கரங்கள் கழன்று உருண்டன என்று பார்த்தவர்கள் அறிவார்கள்.

ஒரு நட்டில் என்ன வந்துவிட்டது என்று சில இளைய உறுப்பினர்கள் கேட்கிறார்கள். எல்லாம் வந்துவிட்டது. ஐந்து நட்டோடு பசை வைக்கும் கை போயிற்று, மரையைக் கேட்கும் காது போயிற்று, பட்டறையில் கன்னைப் பிரித்து மேசையில் பரப்பிவைத்துச் சீராக்கும் இரவுகள் போயின. சேஸி ஓரிடத்தில் வாங்கு, உடல்தகடு ஓரிடத்தில் வாங்கு என்றான பிறகு ஸ்டூவர்ட் பாணி என்ன, லெவல் கிராஸ் பாணி என்ன? நார்த் வில்க்ஸ்போரோ பந்தயத் தடம் 1996இல் மூடப்பட்டபோதும் நாம் பேசாமல்தான் இருந்தோம். அந்தத் தடமாவது 2023இல் திரும்பி வந்தது. கைப்பழக்கம் அப்படித் திரும்பாது. தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் நின்று காட்ட வேண்டும்.

ஆகவே நிர்வாகக் குழுவுக்கு என் விண்ணப்பம்: அடுத்த ஆண்டுக் கூட்டத்தில் சொற்பொழிவுகளில் ஒன்றைக் குறைத்து, அந்த ஒரு மணி நேரத்தை ஐந்து நட்டுச் சக்கரத்துக்கு ஒதுக்குங்கள். ஹப்பும் ஜாக்கியும் நான் கொண்டுவருகிறேன். ஏர் கன் பிடிக்கத் தெரிந்த மூத்தவர்கள் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள்; அவர்கள் பெயர்களைச் செயலாளர் ஐயாவிடம் தனியே கொடுத்திருக்கிறேன்.