இரும்பின் ஆயுளும் புகையின் ஆயுளும்

அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களிலும் பெரிய ஏரிகளை ஒட்டிய ஊர்களிலும் வீட்டுக்கு வெளியே சிறு கொட்டகைபோல நின்று, நீரைக் காய்ச்சி வீட்டுக்குச் சூடு அனுப்பும் பழைய விறகு பாய்லரைப் பழுதுபார்த்தே ஓட்டுவது இன்று ஒரு பெருமை. பதினைந்து வருடத்தில் போயிருக்க வேண்டியதை முப்பது வருடம் ஓட்டிக் காட்டுகிறவர் ஊரில் கெட்டிக்காரர். இருப்பதைத் தூக்கி எறியாமல் காப்பது சிக்கனம், இயற்கைக்கும் அதுவே நல்லது என்று அதற்கொரு நியாயமும் சொல்கிறார்கள். அந்த நியாயத்தை என்னால் ஏற்க முடியவில்லை.

பராமரிப்புக்குப் பலன் உண்டு. ஆண்டுதோறும் நீரைச் சோதித்துத் துருத்தடுப்பு மருந்தைச் சரியான அளவில் வைத்தால் உட்புறத் துரு அடங்குகிறது. சாம்பலும் ஈரமும் சேர்ந்தால் இரும்பை அரிக்கும். ஆகவே குளிர்காலம் முடிந்து அணைத்ததும் தீயறையைச் சுரண்டி, எண்ணெய் தடவி, புகைபோக்கியை மூடிவைப்பது முறையான வேலை. நீரின் சூட்டை 65 டிகிரி செல்சியஸுக்குக் கீழே விடாதிருந்தால் சுவர் வியர்க்காது. எண்ணெய்க்கும் புரோப்பேனுக்கும் பணம் கட்டாமல் குளிர்காலத்தைக் கடக்கும் குடும்பத்துக்கு இந்த உழைப்பின் அருமை தெரியும்.

ஆனால் இவை எல்லாமே இரும்புக்காகச் செய்யும் வேலைகள். புகைக்காக இவற்றில் ஒன்றுகூட இல்லை. வெகுகாலமாக நான் சொல்லிவருவது இதைத்தான்.

விறகு முழுதாக எரிய வேண்டுமானால் அதிலிருந்து கிளம்பும் வாயுக்களும் எரிய வேண்டும். அதற்கு ஏறக்குறைய 600 டிகிரி சூடு தேவை. பழைய பாய்லரிலோ தீயறையைச் சுற்றிலும் 80, 85 டிகிரியில் நீர் நிற்கிறது. சுவர் அதற்குமேல் அதிகம் சூடேற வழியில்லை. தீயை அணைத்துப் பிடித்திருக்கும் சுவரே தீயைக் குளிர்விக்கிறது. போதாததற்கு, நீர் சூடானதும் காற்று வழி தானாக மூடிக்கொள்ளும். வீடு மறுபடி சூடு கேட்கும்வரை, அறை நிறைய அடுக்கிய விறகு மூச்சு முட்டிக் கனன்றுகொண்டிருக்கும். ஊதுகுழல் பிடித்த கைக்கு இதை விளக்க வேண்டியதில்லை. காற்றில்லாத அடுப்பு கண்ணைத்தான் எரிக்கும்.

சுவரில் கருப்பாகப் படியும் கிரியோசோட்டைச் சுரண்டி எடுக்கச் சொல்கிறார்கள், சரி. அது எங்கிருந்து வந்தது என்று கேட்பதில்லை. எரியாமல் போன விறகுதான் அது. சுவரில் ஒட்டியது கொஞ்சம். ஒட்டாததெல்லாம் புகைபோக்கி வழியே அடுத்த வீட்டுக்குப் போய்விட்டது. சுரண்டுகிறவர் கையில் இருப்பது குப்பையல்ல, சாட்சி.

காய்ந்த விறகு போட்டால் போதும் என்பார்கள். காய்ந்த விறகும் காற்றில்லாமல் புகையத்தான் செய்யும். புகைபோக்கியை உயர்த்தலாம் என்பார்கள். காற்றசையாத குளிர் இரவில் பள்ளத்தாக்கு ஊர்களில் புகை எழும்பாமல் தரையோடு தங்கிவிடுகிறது. சிறுகச் சிறுக விறகிட்டுக் கொழுந்துவிட எரிக்கலாம்தான். ஆனால் மாலையில் ஒருமுறை நிரப்பினால் விடியும்வரை கவலையில்லை என்பதற்காகத்தானே இதை வாங்கினார்கள்? அந்த வசதிதான் புகையாக வெளியேறுகிறது.

வெர்மான்ட் மாநிலம் 1997-லேயே புதிய பாய்லருக்கும் அடுத்தவர் வீட்டுக்கும் 200 அடி இடைவெளி வேண்டும் என்றது. நடுவணரசு 2015-இல் கொண்டுவந்த விதி, பத்து லட்சம் பிரிட்டிஷ் வெப்ப அலகுக்கு 0.32 பவுண்டு நுண்துகள் என்று வரம்பு கட்டி, 2020 மே மாதம் அதை 0.10 ஆக இறுக்கியது. இறுக்கிய இந்த வரம்புக்குத் தேறிய விறகு பாய்லர்கள் பெரும்பாலும் வாயுக்களைத் தனி அறையில் எரிக்கின்றன. ஆனால் அந்த விதி புதிதாகச் செய்து விற்பவற்றுக்கே. முன்பே நிற்பவற்றை அது தொடவில்லை. பல இடங்களில் அவற்றுக்குத் துரு ஒன்றுதான் சட்டம். அந்தச் சட்டத்தையும் வெல்டிங் வைத்து ஒத்திப்போடுவதைத்தான் நாம் கெட்டிக்காரத்தனம் என்கிறோம்.

சுற்றுவட்டாரத்தில் வீடே இல்லாத பண்ணையில் நிற்பதைப் பற்றி நான் பேசவில்லை. மற்ற இடங்களில் தீயறையில் ஓட்டை விழுந்தால் அடைக்காதீர்கள். கூடுதலாகக் கிடைத்ததாக நீங்கள் பெருமைப்படும் அந்தப் பதினைந்து வருடம், அடுத்த வீட்டில் பிறந்த குழந்தை பத்தாம் வகுப்புக்கு வரும் காலம். அதன் குளிர்காலங்கள் அத்தனையும் அந்தப் புகையில்தான் கழியும்.