உள்ளங்கைக்குள் ஒரு சுழற்சி

கல்யாண ஸ்டுடியோ மேசையில் கிடக்கும் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கை யாரும் நின்று ரசிப்பதில்லை. கேபிளைச் செருகியதும் மெல்லிய ரீங்காரம். கையில் லேசான அதிர்வு. உள்ளே கண்ணாடிபோல் மின்னும் தட்டுகள் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 முறை சுழல, அவற்றைத் தொடாமலே சில நானோமீட்டர் உயரத்தில் மிதந்தபடி எழுதுகிறது முனை. இத்தனையும் சட்டைப்பைக்குள் அடங்கும் சின்னப் பெட்டிக்குள்!

கையாள்பவரின் பொறுமையும் அழகுதான். முகூர்த்தம் முடிந்த அன்றே மெமரி கார்டிலிருந்து இரண்டு டிஸ்க்குகளுக்கு நகல் எடுக்கிறார் போட்டோகிராபர். டிஸ்க்கின் விளக்கு சிமிட்டி ஓயும்வரை மேசையை அசைப்பதில்லை. தாலி கட்டும் படம் இரண்டிலும் திறக்கிறதா என்று பார்க்கிறார். சுழற்சி அடங்கிய பிறகே கேபிளை உருவுகிறார். மணமக்கள் பெயரும் தேதியும் எழுதி ஒட்டி, ஒன்றைக் கடையிலும் மற்றதை வீட்டிலும் வைக்கிறார். அதற்குப் பிறகுதான் கார்டை அழிக்கிறார்.