தொலைந்த நகரமும் திருவக்கரைக் கல்மரமும்

வீடியோ விளையாட்டைப் பற்றி எழுத ஓர் இயற்பியல் ஆசிரியருக்கு என்ன இருக்கிறது என்று நீங்கள் வியக்கலாம். பகலில் விழுப்புரத்தில் ஊசலும் ஒளிவிலகலும் கற்பிக்கும் நான், இரவில் திண்டிவனத்தில் வீடு திரும்பியதும் அரைமணி நேரமாவது விளையாடும் பழக்கமுடையவன். அதிலும் ‘அன்சார்ட்டட்’ என்னும் தேடல் விளையாட்டுத் தொடருக்கு நான் நெடுநாள் ரசிகன். வரைபடத்தில் இடம்பெறாதது என்பது அப்பெயரின் பொருள்.

அமெரிக்காவின் நாட்டி டாக் நிறுவனம் 2007இல் இத்தொடரைத் தொடங்கியது. பழைய குறிப்பு ஒன்றைக் கொண்டு மறைந்துபோன நகரத்தைத் தேடிச் செல்வதே ஒவ்வொரு பகுதியின் கதையும். 2017 ஆகஸ்டில் வெளிவந்த ‘தி லாஸ்ட் லெகசி’ என்ற பகுதியைப் பற்றியே இங்கு எழுதுகிறேன். வழக்கமான நாயகன் நேதன் டிரேக் இதில் இல்லை. இந்தியத் தந்தைக்குப் பிறந்த குளோயி பிரேசர், தென்னாப்பிரிக்கப் பெண்ணான நடீன் ராஸ் ஆகிய இருவரே நாயகியர். அவர்கள் தேடுவது பிள்ளையாரின் தந்தம்; தேடும் இடமோ நம் மேற்குத் தொடர்ச்சி மலை; தேடும் நகரங்கள் போசளர்களின் பேலூரும் ஹளேபீடும்!

நம் மண்ணைக் களமாகக் கொண்டது என்பதால் ஆவலோடு விளையாடினேன். மூன்று முறை முடித்துவிட்டேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

முதலில் நல்லதைப் பார்ப்போம். முந்தைய பகுதிகள் பெரும்பாலும் ஒற்றையடிப் பாதை போன்றவை. இதிலோ ஒரு பரந்த பள்ளத்தாக்கில் ஜீப்பை ஓட்டிக்கொண்டு, எந்தக் கோட்டைக்கு முதலில் போவது என்பதை நாமே முடிவு செய்யலாம். கண்டவற்றைக் குளோயி தன் வரைபடத்தில் குறித்துக்கொள்கிறாள். ஓரிடத்தில் உருவங்களைத் திருப்பித் திருப்பி வைத்து, அவற்றின் நிழல்கள் சுவரில் சரியான படமாக விழும்படி செய்யவேண்டும். ஒளி நேர்க்கோட்டில் செல்கிறது என்ற பாடத்தை இதைவிடச் சுவையாக நடத்த என்னால் இயலாது.

இயற்பியலில் பிழைகளும் உண்டு. நாயகி பாய்ந்துகொண்டே கொக்கிக் கயிற்றை வீசி ஊசலாடுகிறாள். கயிறு கிடைமட்டமாக இருக்கும் நிலையிலிருந்து ஒருவர் ஊசலாடத் தொடங்கினால், அடிப்புள்ளியில் கயிற்றின் இழுவிசை அவர் எடையைப்போல் மூன்று மடங்காகும். கயிறு ஒரு மீட்டரானாலும் பத்து மீட்டரானாலும் விடை இதுவே. எனவே 60 கிலோகிராம் நிறையுள்ளவர் 180 கிலோகிராம் சுமையைத் தம் கைகளால் தாங்கவேண்டும். நெல் மூட்டை தூக்கியவர்களைக் கேட்டுப் பாருங்கள்! போசளர் ஆட்சி பதினான்காம் நூற்றாண்டின் நடுவில் முடிந்துவிட்டது. ஆயினும் விளையாட்டில் அவர்களுடைய சக்கரங்களும் பொறிகளும் துருவோ செல்லரிப்போ இன்றிச் சுழல்கின்றன. இவற்றையெல்லாம் நான் குறையாகக் கருதவில்லை. கதைக்குச் சிறிது கற்பனை வேண்டும்.

என் மனக்குறை வேறு. இந்த விளையாட்டில் ஹளேபீடும் பேலூரும் மலைக்காட்டில் மறைந்து கிடக்கின்றன. உண்மையில் அவை கர்நாடகத்தின் ஹாசன் மாவட்டத்தில் மக்கள் வாழும் ஊர்கள், பேருந்தில் போகலாம். 1117இல் எழுப்பப்பட்ட பேலூர் சென்னகேசவர் கோயிலில் இன்றும் பூசை நடக்கிறது. 2023இல் போசளர் கோயில்கள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களாயின. விளையாட்டில் வானளாவிய சிலைகள் நிற்கின்றன. போசளச் சிற்பியின் பெருமையோ நுணுக்கத்தில் இருக்கிறது. மாக்கல் வகையைச் சேர்ந்த மென்கல்லில் நகை வேலைபோலச் செதுக்கிய உருவங்களும், கடைசல் பிடித்ததுபோல் வழவழக்கும் தூண்களுமே அவர்களுடைய சாதனை. கண்ணுக்கு எளிதில் படாத இந்த நுணுக்கத்தை விட்டுவிட்டு, பருமனைக் காட்டிப் பிரமிக்க வைப்பது எளிய வழி.

ஊரைக் காலியாக்கினால்தான் ‘கண்டுபிடிக்க’ முடியும் போலும்! கண்டுபிடித்தவுடன் என்ன நடக்கிறது? நாயகியர் கால் வைத்த பாலமும் கூரையும் இடிந்து விழுகின்றன. கதையின் முடிவில் தந்தத்தை விற்காமல் அரசிடம் ஒப்படைக்க அவர்கள் எண்ணுவது நல்லதுதான். ஆனால் தந்தம் இருந்த இடம் பாழாகிவிட்டதே! அதைப் பற்றி யாரும் வருந்துவதில்லை.

இது வெறும் விளையாட்டுதானே என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஒருமுறை மாணவர்கள் சிலரைத் திருவக்கரைக்கு அழைத்துச் சென்றேன். வக்ரகாளியம்மன் கோயிலுக்குப் பெயர்பெற்ற அவ்வூர் திண்டிவனத்துக்குத் தெற்கே, மயிலத்தைத் தாண்டி இருக்கிறது. இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை பாதுகாக்கும் தேசியக் கல்மரப் பூங்கா அங்கு உள்ளது. ஏறத்தாழ இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. நிலத்தடி நீரில் கரைந்திருந்த சிலிக்கா, மரத்தின் நுண்ணறைகளை நிரப்பி அதைக் கல்லாக்கியது. சுற்றிவிட்டுப் புறப்படும்போது ஒரு மாணவர் சட்டைப்பையிலிருந்து ஒரு துண்டை எடுத்துக் காட்டி, “சார், புதையல்!” என்றார். அவரும் ‘அன்சார்ட்டட்’ ரசிகர். அந்த விளையாட்டை அவருக்கு அறிமுகப்படுத்தியவனே நான்தான்.

நான் கடிந்துகொள்ளவில்லை. “இம்மரங்களுக்கு வேர் எங்கே, கிளை எங்கே?” என்று கேட்டேன். எல்லோரும் தேடினார்கள், கிடைக்கவில்லை. அடிமரங்கள் மட்டும் படுத்த நிலையில் கிடந்தன. அப்படியானால் அவை அங்கே வளர்ந்தவை அல்ல, வேறெங்கிருந்தோ வெள்ளத்தில் அடித்து வரப்பட்டவை என்று அறிஞர்கள் கருதுவது ஏன் என்பது அவர்களுக்கே விளங்கிற்று. இந்த முடிவுக்குச் சான்று கல் மட்டுமன்று; அது எப்படிக் கிடக்கிறது என்பதும் சான்றே. இடத்தை விட்டு எடுத்தால் அச்சான்று அழிந்துவிடும். அந்த மாணவர் எதுவும் பேசாமல் போய், எடுத்த இடத்திலேயே துண்டை வைத்துவிட்டு வந்தார்.

இந்த விளையாட்டில் எனக்குக் குறைவாகத் தோன்றுவது இதுதான். அங்கே ஒவ்வொரு புதிருக்கும் ஒரே விடை. அதையும் தயாரித்தவர்கள் முன்பே எழுதி வைத்துவிட்டார்கள். பொருளைக் கையில் எடுத்ததும் தேடல் முடிந்துவிடும். அறிவியலிலோ பொருளைக் கண்ட பிறகுதான் கேள்விகள் தொடங்குகின்றன. அம்மரங்கள் எந்தக் காட்டில் நின்றன, எந்த வெள்ளம் அவற்றைக் கொண்டுவந்தது என்று கேட்டுக்கொண்டே போகலாம்.

வாசகர்களே, விளையாட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ‘தி லாஸ்ட் லெகசி’ அழகான விளையாட்டு; வாய்ப்புக் கிடைத்தால் விளையாடுங்கள். ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை செஞ்சிக்கும் போய் வாருங்கள். 2025இல் அக்கோட்டையும் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. ராஜகிரியின்மேல் ஏறி நின்று, மழை குறைந்த ஆண்டில் இவ்வளவு உயரத்தில் இருந்தவர்களுக்குத் தண்ணீர் எங்கிருந்து கிடைத்தது என்று தேடிப் பாருங்கள். ஒரு நோட்டுப் புத்தகமும் அளவு நாடாவும் போதும். கண்டதைக் குறித்துக்கொள்ளுங்கள்; கல்லை மட்டும் அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.