எம்.ஜி.பி.: சொந்தக் கைகளால் பேணத்தக்க வண்டி

இங்கிலாந்தில் ஆபிங்டன் பட்டணத்துத் தொழிற்சாலையில் 1962-ம் ஆண்டு உற்பத்தி தொடங்கி, 1980-ம் ஆண்டு அக்டோபரில் அத்தொழிற்சாலை மூடப்படும் வரையில், கூரை திறந்த வகையும் மூடிய ஜி.டி. வகையுமாக ஐந்து லட்சத்துக்கு மேல் செய்யப்பட்ட எம்.ஜி.பி. என்னும் சிறிய ஸ்போர்ட்ஸ் கார், அந்நாட்டு வீடுகளின் ஷெட்டுகளில் இன்றும் ஏராளமாக உயிரோடிருக்கிறது. அதன் காரணம் அழகு மட்டுமன்று. சாதாரண ஸ்பானர்களும் ஒரு நல்ல ஜாக்கும் பொறுமையும் உடைய ஒருவர், பிறர் உதவியை அதிகம் நாடாமல், முழுவதும் அறிந்து பராமரிக்கக்கூடிய யந்திரமாக அது அமைந்திருப்பதே பிரதான காரணம். 1971-ம் வருஷத்துத் திறந்த வகை வண்டியொன்றை என் கையாலேயே பேணிவருகிற அநுபவத்தைக் கொண்டு, அதன் குணதோஷங்களையும், அதற்குச் செய்யத் தகுந்த அபிவிருத்திகளையும், செய்யத் தகாதவற்றையும் இங்கே சொல்ல விரும்புகிறேன்.

என் அபிப்பிராயத்தை முதலிலேயே கூறிவிடலாம். இவ்வண்டியிடம் காணப்படும் பலவீனங்கள் என்று பலரும் சொல்பவற்றில் பெரும்பாலானவை அதன் பிறவிக் குறைகளல்ல. ஐம்பது வருஷத் தேய்மானமும் அலட்சியமும் சேர்ந்து உண்டாக்கியவை. ஆகையால் புதிய உறுப்புகளை வாங்கிப் பொருத்துவதற்கு முன், பழைய உறுப்புகளை அவை பிறந்த நிலைக்குத் திருப்புவதே முதற்காரியம்.

பரிசோதனை எஞ்சினிலிருந்து தொடங்கக் கூடாது. உடலிலிருந்து தொடங்க வேண்டும். இவ்வண்டிக்குத் தனியான சாஸி கிடையாது. கூரையற்ற உடலின் பலம் முழுவதும் கதவுகளுக்கு அடியில் ஓடும் பெட்டி போன்ற பக்கச் சட்டங்களில் இருக்கிறது; குளிர்காலத்தில் பனியை உருக்குவதற்காக அந்நாட்டுச் சாலைகளில் தூவும் உப்பு முதலில் அரிப்பதும் அவற்றைத்தான். கதவை மூடி வைத்துவிட்டு, வண்டியின் பக்கத்தை ஜாக்கினால் மெதுவாக உயர்த்தி, கதவின் பின்புற விளிம்புக்கும் உடலுக்கும் உள்ள இடைவெளியைக் கவனிக்க வேண்டும். அந்த இடைவெளி குறுகிக் கதவு இறுகுமானால், மேலே எவ்வளவு பளபளப்பான பெயிண்ட் இருந்தாலும் உள்ளே இரும்பு செத்துவிட்டது என்று நிச்சயிக்கலாம். ஆயினும் நம்பிக்கை இழக்க வேண்டுவதில்லை. பழைய அச்சுக்கருவிகளையே கொண்டு 1988-ம் ஆண்டு முதல் பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் நிறுவனம் முழு உடற்கூடுகளையே மறுபடியும் செய்துவந்திருக்கிறது. தனித்தனித் தகடுகளும் கிடைக்கின்றன. இந்த வெல்டிங் வேலை மட்டும் தேர்ந்தவர் கையால் நடக்க வேண்டியது. கதவுகளைப் பொருத்தி இடைவெளியைச் சரிபார்த்துக்கொண்டே செய்யாவிட்டால், உடல் கோணிய நிலையிலேயே நிலைத்துவிடும்.

எஞ்சின் விஷயம் இதற்கு மாறானது. அது முழுக்க முழுக்க வீட்டு வேலை. 1798 சி.சி. கொள்ளளவும் சுமார் 95 குதிரைத் திறனும் கொண்ட இந்த நான்கு சிலிண்டர் எஞ்சினில் சிக்கலான பாகம் என்று ஒன்றும் கிடையாது. வால்வு இடைவெளியைச் சரிபார்க்க, பிளக்குகளைக் கழற்றிவிட்டு, நான்காவது கியரில் போட்டு, வண்டியை முன்னே தள்ளினால் எஞ்சின் நிதானமாகச் சுழல்கிறது. எட்டு வால்வுகளில் எட்டாவது முழுதும் அழுந்தியிருக்கையில் முதலாவதையும், ஏழாவது அழுந்தியிருக்கையில் இரண்டாவதையும், இப்படிக் கூட்டுத்தொகை ஒன்பது வரும்படியாக ஒவ்வொன்றையும் அளக்க வேண்டும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது 0.015 அங்குல இடைவெளி தேவை. ஃபீலர் கேஜின் தகடு, கட்டிய சுவடியிலிருந்து ஓர் ஏட்டை உருவுவதுபோலச் சற்றே பற்றி, பின் இணங்கி வருமானால் அளவு சரி.

இவ்வண்டியின் உள்ளத்தை அறிய விரும்புகிறவர் அதன் இரட்டை எஸ்.யு. கார்புரேட்டர்களோடு பழக வேண்டும். எஞ்சினை நன்றாகச் சூடேற்றி, ஏர் ஃபில்டர்களைக் கழற்றிவிட்டு, ஒரு ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதிலும் மறுமுனையை ஒவ்வொரு கார்புரேட்டரின் வாயருகிலும் மாற்றி மாற்றிப் பிடித்தால், இரண்டும் சமமாகக் காற்றை இழுக்கின்றனவா என்பது ஓசையிலேயே புலப்படும். அதன்பின் பக்கத்திலுள்ள சிறு ஊசியை மேலே அழுத்தி, உள்ளிருக்கும் பிஸ்டனை மயிரிழையளவு உயர்த்த வேண்டும். எஞ்சினின் வேகம் கூடி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம். தடுமாறி அணையப்போனால் பெட்ரோல் குறைவு. ஒரு கணம் கூடி உடனே பழைய வேகத்துக்கு இறங்கினால் கலவை செம்மையாயிருக்கிறது. அடியிலுள்ள அறுகோண நட்டை ஒரு முகம் மேலே திருகினால் பெட்ரோல் குறையும், கீழே திருகினால் கூடும். இந்தச் சோதனையைப் பொறுமையாகச் செய்து முடித்த பின்னர் வண்டி காட்டும் உற்சாகத்தை, விலை கொடுத்து வாங்கும் எந்தக் கூடுதல் உறுப்பும் தருவதில்லை என்பது என் திடமான நம்பிக்கை.

அடுத்து, முன்சக்கரங்கள் திரும்பும் அச்சுகளாகிய கிங் பின்களுக்கு 3000 மைலுக்கு ஒருமுறை, சக்கரத்தைத் தரையிலிருந்து உயர்த்திக் கிரீஸ் அடிக்க வேண்டும். இதைத் தவறவிட்டவர்களே ஸ்டியரிங் கனமாயிருக்கிறதென்று குறை சொல்கிறார்கள். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் சுபாவமுடையதாதலால், இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுவது அவசியம்.

இனி, செய்யத் தகுந்த அபிவிருத்திகள். முதலாவது, டிஸ்ட்ரிபியூட்டரில் தேயும் பாயிண்டுகளுக்குப் பதிலாக எலெக்ட்ரானிக் இக்னிஷன் வைப்பது. வெளித்தோற்றம் மாறுவதில்லை, அடிக்கடி இடைவெளி பார்க்கும் வேலை ஒழிகிறது. இரண்டாவது, ஹெட்லைட்டுகளுக்கு ரிலே வைப்பது; முழு மின்சாரமும் டேஷ்போர்டு ஸ்விட்ச் வழியாக ஓடி அதைச் சுட்டெரிக்கும் பழைய ஏற்பாட்டை இது மாற்றுகிறது, ஒளியும் கூடுகிறது. மூன்றாவது, சீட்டுகளுக்குப் பின்னால் மறைந்திருக்கும் இரண்டு 6 வோல்ட் பேட்டரிகளை எடுத்துவிட்டு ஒரே 12 வோல்ட் பேட்டரி வைப்பது. நான்காவது, பெட்ரோலைப் பற்றியது. ஈயம் கலந்த பெட்ரோலின் பொது விற்பனை பிரிட்டனில் 1999-ம் ஆண்டோடு முடிந்து, வால்வு சீட்டுகளுக்கு ஈயம் தந்துவந்த பாதுகாப்பு நீங்கிவிட்டபடியால், சிலிண்டர் ஹெட்டைக் கழற்ற நேரும்போது கடினமான வால்வு சீட்டுகளைப் பதித்துக்கொள்வது விவேகம். 2021 செப்டம்பரில் பத்து சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல் அங்கே சாதாரணமாகிவிட்டதால், பழைய ரப்பர் குழாய்களை எத்தனால் தாங்கும் குழாய்களாக மாற்றுவதை ஒருநாளும் ஒத்திப்போடலாகாது. கசியும் பெட்ரோல் சூடான எஞ்சின்மேல் விழுந்தால் விளைவு பயங்கரம்.

செய்யத் தகாதவை என்று நான் கருதுபவையும் உண்டு. பெரிய வெபர் கார்புரேட்டர், சூப்பர்சார்ஜர், மிகக் கடினமான ஸ்பிரிங்குகள் ஆகியவை சுமார் 920 கிலோ எடையுள்ள இந்த வண்டியின் சமநிலையைக் குலைத்து, ஓரிடத்தில் கூட்டிய பலத்தைத் தாங்குவதற்காக வேறு பத்து இடங்களைத் திருத்தும்படி செய்துவிடுகின்றன. நீண்ட பிரயாணத்துக்கு ஐந்து கியர் பெட்டி வேண்டும் என்பாரும் ஓவர்டிரைவ் உள்ள வண்டியைத் தேர்ந்துகொண்டால் போதும். அது நான்காவது கியரில் எஞ்சின் சுழற்சியைச் சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைத்துவிடுகிறது.

இவ்வளவும் ஒழுங்காகச் செய்த வண்டியில் ஏறி, வளைந்து செல்லும் கிராமச் சாலையில் ஓட்டும்போது, இன்றைய சிறு குடும்பக் கார் எதுவும் இதை வேகத்தில் மிஞ்சிவிடும் என்பது உண்மைதான். 60 மைல் வேகத்தை எட்டவே இதற்குச் சுமார் 12 விநாடி பிடிக்கிறது. ஆனால் சாலையின் ஒவ்வொரு மேடுபள்ளத்தையும் ஸ்டியரிங் உள்ளங்கைக்குத் தெரிவிக்கும் நேர்மையும், குறுகிய கியர் லீவர் நறுக்கென்று இடம் மாறும் இன்பமும், 40 மைல் வேகத்திலேயே விரைந்து செல்லும் உணர்ச்சியும் இதற்கே உரியவை.

நாற்பது வருஷத்துக்கு மேற்பட்ட, பெரும் மாறுதல் செய்யப்படாத வண்டிகளுக்குப் பிரிட்டனில் வருடாந்தரப் பரிசோதனை கட்டாயமில்லை. சட்டம் தந்த இச்சலுகை, பரிசோதகரின் கடமையைச் சொந்தக்காரரின் தலையில் வைத்திருக்கிறது என்றே நான் கொள்கிறேன். அக்கடமையை ஏற்க விருப்பமுள்ளவர், அரிப்பில்லாத உடலும் ஓவர்டிரைவும் உள்ள வண்டியைத் தேடி வாங்கட்டும். எஞ்சின் மோசமாயிருந்தாலும் பாதகமில்லை, அதை வீட்டிலேயே சீர்படுத்தலாம். பெயிண்டைப் பார்த்து மயங்கி அரித்த உடலை வாங்குகிறவருக்கோ, எத்தனை அபிவிருத்தி செய்தாலும் இவ்வண்டியின் உண்மையான சுகம் கிட்டாது.