பழவங்காடியும் பொற்கனியும்: புதிர் சார்ந்த கையடக்க வீடியோ விளையாட்டுகளின் மொழியும் மொழிபெயர்ப்பும்

1. முன்னுரை

திருவனந்தபுரத்தில் கிழக்கேக்கோட்டையை அடுத்துள்ள பழவங்காடி என்னும் இடப்பெயரை இருவகையாகப் பிரிக்கலாம். 'பழ' என்னும் அடையோடு 'அங்காடி' சேர்ந்து வகர உடம்படுமெய் பெற்றது எனக் கொண்டால், அது பழைய கடைவீதியைக் குறிக்கும். 'பழம்' என்னும் பெயரின் மகர ஈறு கெட்டு, எஞ்சிய உயிரீறு அதே உடம்படுமெய்யைப் பெற்றது எனக் கொண்டால், பழம் விற்கும் கடைவீதியைக் குறிக்கும். மகர ஈற்றுப் புணர்ச்சி பற்றிய நன்னூல் விதி இவ்விரண்டாம் பிரிப்புக்கும் இடந்தருகிறது. இடப்பெயர் என்ற நிலையில் முதற்பொருளே இயல்பானது. எனினும் வடிவம் இரண்டையும் தாங்கி நிற்கிறது.

இந்த இரட்டைப் பிரிப்பைப் புதிராக்கி ஒரு வீடியோ விளையாட்டில் வைப்பதாகக் கருதலாம். ஆடுபவர் ஏற்ற பாத்திரம் கடைவீதியின் வாயிலுக்கு வருகிறது. காவலன், 'பழமில்லாத பழவங்காடி எது?' என வினவுகிறான். 'பழைய அங்காடி' என்று விடை கூறினால் வழி திறக்கும். இப்புதிர் மலையாளத்துக்கு ஏறத்தாழ அப்படியே செல்லும். அங்கும் பழமையைச் சுட்டும் 'பழ'வும் கனியைச் சுட்டும் 'பழ'மும் உண்டு, அங்காடியும் வழக்கிலுண்டு. ஆங்கிலத்துக்கோ ஜப்பானியத்துக்கோ கொண்டு சென்றால் புதிரே மறைந்துவிடும். எஞ்சுவது ஒரு வாயிலும் ஒரு காவலனுமே.

புதிரையும் பாத்திரமேற்பையும் ஒன்றிணைத்த கையடக்க விளையாட்டுகளில் மொழி எவ்விடத்தில் தொழிற்படுகிறது, அவற்றைத் தமிழாக்க முற்படுவோர் எதனை முதலிற் காணவேண்டும் என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

2. இருவகைப் பிணைப்பு

இவ்வகை விளையாட்டுகளுக்கு எடுத்துக்காட்டாக 2007-இல் வெளிவந்த இரண்டினைக் கொள்ளலாம். ஒன்று, ஆஸ்திரேலிய நிறுவனமான இன்ஃபினிட் இன்டராக்டிவ் உருவாக்கிய 'பசில் குவெஸ்ட்'. இது நிண்டெண்டோ டிஎஸ், பிளேஸ்டேஷன் போர்ட்டபிள் ஆகிய கைக்கருவிகளில் வெளிவந்தது. மற்றொன்று, ஜப்பானின் லெவல்-5 நிறுவனம் நிண்டெண்டோ டிஎஸ் கருவிக்கென உருவாக்கிய 'பேராசிரியர் லேட்டன்' வரிசையின் முதல் விளையாட்டு. இதன் ஆங்கிலப் பதிப்பு 2008-இல் வெளிவந்தது.

பசில் குவெஸ்ட்டில் போர் என்பது 8-க்கு 8 கட்டங்கள் கொண்ட பலகையில் மணிகளை இடம்மாற்றுவதாகும். ஒரே நிறத்து மணிகள் மூன்று வரிசைப்பட்டால் அவை மறையும். அந்நிறத்துக்குரிய மந்திர ஆற்றல் ஆடுபவரைச் சேரும். மண்டையோடுகள் வரிசைப்பட்டால் எதிரிக்குக் காயம் உண்டாகும். பலகையில் ஒரு சொல்லும் இல்லை. கதையும் உரையாடலும் பலகைக்கு வெளியே, ஒரு போருக்கும் அடுத்த போருக்கும் இடையில் வருகின்றன. ஆகவே இதில் புதிர் மொழிசாராதது. பாத்திரமேற்பு மட்டுமே மொழி சார்ந்தது. மொழிபெயர்ப்பாளர் எத்தவறு செய்யினும் மணிகள் மறைவது நிற்காது.

லேட்டன் விளையாட்டின் நிலை வேறு. இதன் புதிர்களை அமைப்பதில் முதன்மைப் பங்கேற்றவர், 1966-இல் தொடங்கிய 'மூளைக்கு உடற்பயிற்சி' என்னும் பொருளுடைய நூல்வரிசையால் ஜப்பானில் பெரும்புகழ் பெற்ற உளவியலறிஞர் தாகோ அகிரா (மறைவு 2016). பேராசிரியரும் சிறுவன் லூக்கும் ஒரு சிற்றூருக்கு வருகின்றனர். எதிர்ப்படுவோரெல்லாம் புதிர் போடுகின்றனர். ஒவ்வொரு புதிருக்கும் ஒரு மதிப்பு உண்டு; தவறான விடை கூறினால் அது குறையும். புதிரின் கூற்று சொற்களாலானது. பல புதிர்களில் திறவுகோலும் அக்கூற்றிலேயே மறைந்துள்ளது. பாத்திரத்துக்குத் தனியான ஆற்றல் அளவுகள் இல்லாமையால் இதனைப் பாத்திரமேற்பு ஆட்டம் எனக் கொள்ளாதோரும் உளர். எனினும் ஒரு பாத்திரமாக ஊரில் நடந்து, பேசி, புதிர் தீர்த்து வழிகாணும் அமைப்பு இங்கும் உள்ளது.

பிற மொழிப் பதிப்புகளில் இதன் புதிர்கள் சில மாற்றப்பட்டன என்பது மொழிபெயர்ப்பியல் நோக்கில் கருதத்தக்கது. ஓநாய்களும் கோழிக்குஞ்சுகளும் ஆற்றைக் கடக்கும் புதிர் எம்மொழிக்கும் செல்லும். தமிழில் அதற்குப் புலியும் ஆடும் புல்லுக்கட்டும் ஏற்கெனவே காத்திருக்கின்றன. சொல்லிலும் எழுத்திலும் நிற்கும் புதிரோ, பழவங்காடிப் புதிரைப்போல, இருந்த இடத்திலேயே தங்கிவிடும். அதற்கீடாக வேறொரு புதிரைப் படைப்பதே வழி. இங்கு மொழிபெயர்ப்பாளர் புதிராசிரியராகவும் ஆகிறார்.

3. பொருள் திரியும் இடம்

தொல்காப்பியம் செய்யுளியல், பாட்டு, உரை, நூல் முதலியவற்றோடு பிசியையும் ஒரு வகையாக எண்ணுகிறது. அது பிசியை இரண்டாகப் பகுக்கிறது: ஒப்புமை காட்டி உணர்த்துவது ஒன்று, தோன்றுவதைக் கூறித் துணியச் செய்வது மற்றொன்று. ஒப்புமைவழிப் புதிர் பண்பாடு சார்ந்தது. ஒப்பிடப்படும் பொருளை அறியாதவருக்கு அது திறவாது. கூற்றுவழிப் புதிர் சொல்சார்ந்தது. கூறப்பட்ட சொல்லை வேறு பொருளில் கொள்ளும்போதே அது திறக்கும். மொழிபெயர்ப்பாளருக்கு இப்பாகுபாடு இன்றும் பயன்படத்தக்கது.

லேட்டன் கதையின் மையம் ஒரு விருப்புறுதி. இறந்த செல்வர், குறிப்பிட்ட கனியைக் கண்டெடுப்பவருக்கே தம் செல்வம் உரியது என எழுதிவைக்கிறார். அனைவரும் ஒரு பொருளைத் தேட, இறுதியில் அச்சொல் சுட்டியது பொருளையன்று, ஒரு பெண்ணை எனத் தெரிகிறது. ஜப்பானிய மூலத்தில் இது 'பொற்கனி' என்னும் பொதுச்சொல்லால் குறிக்கப்பட, ஆங்கிலம் அதனைத் 'தங்க ஆப்பிள்' ஆக்கிற்று. ஆங்கிலத்துக்கு அது பொருந்தும்; ஐரோப்பியத் தொன்மங்களில் அத்தகைய ஆப்பிளுக்கு இடமுண்டு. ஆங்கிலவழித் தமிழாக்கம் 'தங்க ஆப்பிள்' என்றே எழுதும். மூலத்தை நோக்கியவரோ 'பொற்கனி' என்பார்; 'கனி' என்ற சொல்லை அன்புக்குரிய பெண்ணுக்கு ஆளும் வழக்குத் தமிழில் இருப்பதால், திறவுகோலும் இயல்பாகவே பொருந்திவிடும்.

பழவங்காடியில் இந்திய இராணுவத்தின் பராமரிப்பில் இருப்பது கணபதி கோயில். கனிக்காக உலகைச் சுற்றிவரும் போட்டியைக் கூறும் கதை தமிழர் அனைவரும் அறிந்தது. முருகன் மயிலேறிப் புறப்பட, கணபதி தாய்தந்தையரை வலம்வந்து கனியைப் பெறுகிறார். 'உலகம்' என்ற சொல்லை ஒருவர் பயணமாகவும் மற்றவர் புதிராகவும் கொண்டனர் என இதனை விளக்கலாம். பாத்திரமேற்பும் புதிரும் ஒரே சொல்லில் பிரியும் இடம் இது. லேட்டன் கதையின் பொற்கனியும் இவ்வாறே தொழிற்படுகிறது. அவ்விளையாட்டின் சிறப்பும் அதுவே. ஆனால் வழியில் வரும் புதிர்களுட் பல கதையோடு ஒட்டாதவை. ஒருவர் போடும் புதிரை மற்றொருவர் போட்டாலும் கதைக்கு இழப்பில்லை.

இக்குறை வேதாளக் கதையில் இல்லை. அங்கு ஒவ்வொரு வினாவும் சொல்லப்பட்ட கதையிலிருந்தே பிறக்கிறது. விடையறிந்தும் கூறாவிடில் விக்கிரமாதித்தன் தலை வெடிக்கும். கூறினால் மௌனம் கலைந்து வேதாளம் முருங்கை மரம் ஏறும். சரியான விடை அவனைத் தொடங்கிய இடத்துக்கே கொண்டுவிடுகிறது. விடை காண இயலாது வாய்மூடி நின்றபோதே பயணம் முடிகிறது. சரியான விடைக்குப் பரிசளித்தே பழகிய கையடக்க விளையாட்டுகளுக்கு இவ்வமைப்பு புதியதாக இருக்கும். அதில் புதிரை நீக்கினால் பாத்திரமும் இல்லை.

4. பாத்திரத்தின் மொழி

புதிர்ப்பகுதியில் தமிழும் மலையாளமும் அருகருகே நிற்பதைக் கண்டோம். பாத்திரப்பகுதியில் அவை பிரிகின்றன. இத்தகைய விளையாட்டுகளின் செய்திகள் முழு வாக்கியங்களாக எழுதப்படுவதில்லை. வெற்றிடங்கள் கொண்ட அச்சுகளாக எழுதப்பட்டு, எதிரியின் பெயரும் பொருளின் பெயரும் ஆட்டத்தின்போது நிரப்பப்படுகின்றன. 'இன்னது தாக்கியது' என்னும் அச்சு மலையாளத்தில் இடர் தராது. அம்மொழியின் வினைமுற்று பால் காட்டாது. தமிழில் எலி தாக்கியது, வீரன் தாக்கினான், சூனியக்காரி தாக்கினாள், அரக்கர் தாக்கினர் என நான்கு அச்சுகள் வேண்டும். எலும்புக்கூடு எழுந்து வாள் வீசும்போது அது எத்திணை? வேதாளம் பேசினாலும் அஃறிணையாகவே வழங்குவதையும், அரக்கன் உயர்திணையாக வழங்குவதையும் கொண்டு இவ்வினாவுக்கு மரபே விடை தருகிறது. அவ்விடையை எதிரிப் பட்டியலில் ஒவ்வொரு பெயரோடும் முன்கூட்டியே குறித்துவைத்தல் வேண்டும்.

வேற்றுமையிலும் இதே நிலை. வெற்றிடத்தின் பின் 'ஐ' உருபை நிறுத்தினால் 'வாளை' அமையும். 'கேடயம்' சாரியை பெற்றுக் 'கேடயத்தை' ஆவதை அச்சு அறியாது. இங்குத் தமிழ்த் தொடரமைப்பே ஒரு வழியைத் தருகிறது. 'நீ கேடயத்தைப் பெற்றாய்' என்பதற்குப் பதிலாக 'கேடயம் கிடைத்தது' என்றால் உருபும் வேண்டா. ஆடுபவரை 'நீ' என்பதா 'நீங்கள்' என்பதா என்ற வினாவும் எழாது. டிஎஸ் கருவியின் திரை அகலம் 256 புள்ளிகளே என்பதால், இச்சுருக்கம் இடத்தையும் மிச்சப்படுத்தும்.

உரையாடலில் 'நீ', 'நீங்கள்' வேறுபாட்டைத் தவிர்க்க இயலாது. ஜப்பானிய மூலத்தில் லூக், லேட்டனை 'ஆசிரியர்' எனப் பொருள்படும் 'சென்செய்' என்றழைத்துப் பணிவு வடிவங்களிலேயே பேசுகிறான். ஆங்கிலத்தில் விளி எஞ்சியது. பணிவு வடிவங்கள் மறைந்தன. ஆங்கிலவழி மொழிபெயர்ப்பவர் அப்பணிவை ஊகித்தே மீட்க வேண்டும். தமிழில் மாணவன் ஆசிரியரை 'நீங்கள்' என்பதும், ஆசிரியர் சிறுவனை 'நீ' என்பதும் இயல்பு. இருமொழிக்கும் பொதுவான மரியாதை வழக்கு, இடையில் ஒரு மொழி புகுந்தமையால் இழக்கப்படுவது தேவையற்ற இழப்பாகும்.

5. முடிவுரை

மேற்கண்டவற்றிலிருந்து ஒரு பணிமுறை பெறப்படுகிறது. முதலில் புதிர்களைப் பட்டியலிட்டு, எண்ணும் உருவும் சார்ந்தவை, பண்பாடு சார்ந்தவை, சொல் சார்ந்தவை என வகுக்கவேண்டும். முதல் வகையை மொழிபெயர்க்கலாம்; இரண்டாவதில் ஒப்புமைப்பொருளை மாற்றவேண்டும்; மூன்றாவதைப் புதிதாகப் படைக்கவேண்டும். அதன்பின் பெயர்ப் பட்டியலுக்குத் திணை, பால், உருபேற்கும் வடிவம் ஆகியவற்றைக் குறிக்கவேண்டும். உரையாடல் இறுதியில் வரத்தக்கது. ஆங்கிலத் தொடர்களை மேலிருந்து கீழாகப் பெயர்த்துச் செல்வது இதற்கு நேர்மாறானது. அது சொற்களைத் தமிழாக்கும், விளையாட்டைத் தமிழாக்காது.

நிண்டெண்டோ டிஎஸ் உலகெங்கும் 15 கோடிக்கு மேல் விற்பனையான கருவி. அதன் மொழித்தேர்வில் தமிழ் இல்லை. இக்கருவியில் ஆடிய தமிழ்ச் சிறுவர், புதிரை வேற்றுமொழியில் படித்து வேற்றுமொழியிலேயே விடை தேடினர். கதையைப் பிறமொழியில் படிப்பதைக் காட்டிலும் இது ஆழ்ந்த விளைவுடையது. புதிர் என்பது ஒரு மொழி தன் சொற்களைத் தானே திரும்பிப் பார்க்கும் இடம். பிசியைத் தனி வகையாக எண்ணிய இலக்கணமும், விடையால் வழிதவறும் மன்னனின் கதையும் உடைய மொழிக்கு இத்துறையில் இரவல் வாங்கவேண்டிய தேவை குறைவு. வேண்டுவது, புதிர் எங்கு நிற்கிறது என்று முதலிற் பார்க்கும் மொழிபெயர்ப்பாளரே.