கருங்குரோமியப் படலம்: ஒளியியல் பண்புகளும் மதிப்பீடும்

கருங்குரோமியம் என்பது மின்படிவு முறையில் உலோகத் தகட்டின்மீது ஏற்றப்படும் மெல்லிய கரும்படலம் ஆகும். இதில் நானோமீட்டர் அளவுள்ள குரோமிய உலோகத் துகள்கள் குரோமிய ஆக்சைடுக்குள் பரவியிருக்கும். எனவே இது உலோக நானோ கூட்டுப்பொருள் வகையைச் சேர்ந்தது. சூரிய வெப்பச் சேகரிப்பிகளில் இப்படலம் பயன்படுகிறது. தமிழ்நாட்டில் காரைக்குடியில் 1953-இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் கருங்குரோமியம், கருநிக்கல் ஆகிய பூச்சுகளை ஆராய்ந்துள்ளது.

செயற்படும் விதம்

சூரிய ஆற்றலின் பெரும்பகுதி 0.3 முதல் 2.5 மைக்ரோமீட்டர் வரையான அலைநீளங்களில் வருகிறது. 80 பாகை செல்சியசில் உள்ள தகடோ 8 மைக்ரோமீட்டரை ஒட்டிய அகச்சிவப்பில்தான் மிகுதியாக வெப்பத்தை உமிழ்கிறது. கருங்குரோமியம் குறுகிய அலைகளை உட்கவர்கிறது. நீண்ட அலைகள் மெல்லிய படலத்தை ஊடுருவி, அடியிலுள்ள பளபளப்பான நிக்கலில் பட்டு எதிரொளிக்கின்றன. ஓர் அலைநீளத்தை நன்கு எதிரொளிக்கும் பரப்பு அதே அலைநீளத்தில் குறைவாகவே உமிழும். நல்ல படலத்தின் உட்கவர்திறன் ஏறத்தாழ 0.95, உமிழ்திறன் ஏறத்தாழ 0.1.

மதிப்பீடு

இப்படலத்தைக் கருமையைக் கொண்டு மதிப்பிடுவது முதற்பிழை. மதுரை காளவாசலில் ஒரு மொட்டை மாடியில் சாதாரணக் கருப்பு வண்ணம் பூசிய தகட்டையும் கருங்குரோமியத் தகட்டையும் அருகருகே வைத்தால், கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஆனால் 80 பாகையில் முதலாவது சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 790 வாட் உமிழும். இரண்டாவது 90 வாட் அளவே உமிழும். ஆகவே புற ஊதா, கட்புலன் நிறமாலையை மட்டும் அளந்து ஒரு படலத்தைச் சிறந்தது என்பது பாதி ஆய்வே. படிவு நேரத்தை நீட்டினால் படலம் தடித்து, கருமை சற்றுக் கூடலாம். உமிழ்திறனும் கூடி, பயன் குறைந்துவிடும்.

இரண்டாவது குறை விளக்கத்தில் உள்ளது. மேக்சுவெல் கார்னெட் 1904-இல் தந்த கோட்பாடு, இடைவெளி விட்டுப் பரவிய சிறு கோளத்துகள்களுக்கு உரியது. மின்படிவுப் படலத்தில் உலோகத்தின் பங்கு ஆழத்திற்கேற்ப மாறுகிறது, மேற்பரப்பும் சொரசொரப்பானது. அதனால் கணித்த வளைகோடு அளவீட்டுடன் பொருந்துவது மட்டுமே உள்ளமைப்புக்குச் சான்றாகாது.

மூன்றாவது, படிவுத் தொட்டி. வழக்கமான கருங்குரோமியக் கரைசலில் புற்றுநோய் விளைவிக்கும் அறுவலு குரோமியம் உள்ளது. இராணிப்பேட்டையில் மூடப்பட்ட ஒரு குரோமேட்டு ஆலையின் கழிவு நிலத்தடி நீரை மாசுபடுத்தியது. அது மின்முலாம் ஆலையன்று. எனினும் அதே வேதிப்பொருளின் தீங்கைக் காட்டும் சான்று. மூவலு குரோமியக் கரைசல்களும், அலுமினிய ஆக்சைடின் நுண்துளைகளில் நிக்கலைப் படிவிக்கும் முறையும் மாற்று வழிகளாகும்.

எனவே உட்கவர்திறனோடு உமிழ்திறன், தடிமன், அடித்தகடு, கரைசலின் நச்சுத்தன்மை ஆகியவற்றையும் சேர்த்துக் கூறும் அறிக்கையே இப்படலம் பற்றிய முழுமையான மதிப்பீடாகும்.